புரட்டாசியில் ஒரு கிண்ணம் சூப்பு

மனோரமா மருமகளோடு பேச்சை நிறுத்தி ஒரு வாரம் ஆகிவிட்டது.

"உங்க புரட்டாசிதான் மாமாவக் கொல்லப் போவுது அத்தை" என்று நடுக்கூடத்தில் நின்று தேவசேனா சொன்னாளே, அன்றிலிருந்து. அந்தப் பெண் வாயை அடக்கியிருக்கலாம்தான். ஆனால் கண்ணெதிரே ஒரு மனுஷர் கரைந்துகொண்டிருக்கும்போது வீட்டில் எல்லோருமே வாயை அடக்கிக்கொண்டால் அப்புறம் யார் பேசுவது?

கரைந்துகொண்டிருப்பவர் மனோரமாவின் கணவர் உமாபதி. ஆந்திர எல்லை ஊரான நகரியின் நெசவாளர் தெருவில் சொந்தமாக விசைத்தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தை மீறித் தெருமுனை டீக்கடைக்குக் கேட்கும் குரல் அவருக்கு. வருஷக்கணக்காகக் கடைவாயில் அடக்கிய புகையிலை கன்னத்தில் புண்ணாகி, புண் புற்றாகி, போன மாதம் திருப்பதி ஆஸ்பத்திரியில் இடது தாடையில் ஒரு பகுதியையே எடுத்துவிட்டார்கள். இப்போது மூக்குக் குழாயும் எடுத்தாகிவிட்டது. விழுங்க முடியும், மெல்ல முடியாது. குரல் கொழகொழவென்று வரும். வீட்டுக்காரர்களுக்குத்தான் புரியும்.

அடுத்து கரண்ட் வைக்க வேண்டும். கதிர்வீச்சுக்கு ஊரில் அதுதான் பெயர். திங்கட்கிழமை எடை பார்ப்பார்கள்.

"பருவு இங்கா தக்கிதே கரண்டு பெட்டலேமம்மா" என்று டாக்டரம்மா சொல்லியனுப்பியிருந்தார். எடை இன்னும் குறைந்தால் கரண்ட் வைக்க முடியாது, உடம்பு தாங்காது. கரண்ட் வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

"வெறும் கஞ்சியில உடம்பு நிக்காது. கறி, காய், பருப்பு எல்லாத்தையும் மசிய வேகவெச்சு கெட்டியா சூப்பு மாதிரி குடுங்க" என்றார் அங்கே சாப்பாட்டுக்கு யோசனை சொல்கிற பெண்.

கறி என்ற வார்த்தையைக் கேட்டதுமே மனோரமாவின் முகம் கல்லாகிவிட்டது. வந்தது புரட்டாசி. அதற்கு மேல் அவளுக்கு ஒரு வேண்டுதலும் இருந்தது. ஆபரேஷனுக்கு முதல் நாள் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தின் முன் வைத்திருந்தாள். அவர் பிழைத்தெழுந்து, இரண்டு பேருமாக அலிபிரியிலிருந்து படியேறி மலைக்குப் போகிற நாள்வரை இந்த வீட்டுக்குள் கவுச்சி நுழையாது.

மனோரமாவின் விரதம் சாதாரண விரதம் இல்லை. விரதத்தில் பொய் சொல்லக் கூடாதென்று, நூல் வாங்கிய கடனைக் கேட்டு நூல்காரர் வாசலில் வந்து நின்றால் "அவரு வூட்ல இல்ல" என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். "கீறாரு, ஆனா உங்களப் பாக்க மாட்டாரு" என்பாள். அதற்காக உமாபதியிடம் எத்தனையோ முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் அவர் கேட்டார். வீட்டுக்கு வந்த முதல் வாரம், கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தைபோலக் கேட்டார். தேவசேனாவின் பிறந்தகம் சத்தியவேடு. மறுவீட்டு விருந்தில் அவர்கள் தோப்பில் வளர்த்த வான்கோழியை அடித்துப் போட்டார்கள். அந்தக் கறி வேண்டும் என்றார்.

"புரட்டாசி போவட்டும். நான் வேண்டிக்கினு கீறேன்" என்றாள் மனோரமா.

உமாபதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை விட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அன்றிலிருந்து கேழ்வரகுக் கஞ்சி வந்தாலும் சரி, இளநீர் வந்தாலும் சரி, புறங்கையால் தள்ளிவிடுகிறார். இரண்டு வாய் இறங்கினால் பெரிய விஷயம். சட்டை தோளிலிருந்து வழிகிறது.

அதைப் பார்த்துத்தான் தேவசேனா அந்த வார்த்தையைச் சொன்னாள். இனி சனிக்கிழமைக் கதைக்கு வருவோம்.

விடிந்ததும் மனோரமா தலைக்குக் குளித்து, மஞ்சள் சேலை கட்டி, நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டாள். நாமம் போட்ட பித்தளைச் சொம்பை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் வீடு வீடாகப் போய், "கோவிந்தா, கோவிந்தா" என்று நின்று அரிசி வாங்குவது அவள் பிறந்த வீட்டு வழக்கம். வீட்டில் மூட்டை அரிசி இருந்தாலும் பெருமாளுக்காகக் கையேந்த வேண்டும். அப்படிச் சேர்ந்த அரிசியில்தான் கடைசிச் சனிக்கிழமை தளிகை பொங்கிப் படைப்பார்கள்.

தெரு முழுக்கச் சுற்றி, அடுத்த தெருவையும் முடித்து அவள் திரும்ப உச்சி வெயில் ஆகிவிடும். தேவசேனாவின் கணவன் தனசேகர் ஸ்ரீசிட்டி கம்பெனிக்குக் காலை ஷிப்டுக்குப் போய்விட்டான். தேவசேனா கணக்குப் போட்டுத்தான் இந்த நாளைப் பிடித்திருந்தாள்.

அத்தையின் "கோவிந்தா" தெருத் திருப்பத்தில் தேய்ந்ததும் புழக்கடைக் கதவை யாரோ விரலால் தட்டினார்கள். தேவசேனாவின் அண்ணன் சிரஞ்சீவி. கையில் எவர்சில்வர் தூக்கு. மேலே பந்துபந்தாக மல்லிகைப்பூ.

"இன்னாணா இது பூவு?"

"புரட்டாசியில பஸ்ல கறி எடுத்துக்கினு வரேன்னு தெரிஞ்சா கண்டக்டரே புத்தூர்ல எறக்கி உட்ருப்பான். வாசன தெரியக் கூடாதுன்னு வாங்கிப் போட்டேன். பக்கத்து சீட்டு அம்மா, பூவு இன்னா வெலைன்னு கேக்குது."

வேறு நாளாக இருந்தால் தேவசேனா சிரித்திருப்பாள். தூக்கை வாங்கி உள்ளே பார்த்தாள். ஐஸ்கட்டிக்கு நடுவே வெளிர்சிவப்பாகக் கறி.

"நெஞ்சுக்கறியும் தொடைக்கறியும்தான் பாப்பா. எலும்பு ஒண்ணு இல்ல. நானே பாத்துப் பாத்து எடுத்தேன்." குரலைத் தாழ்த்தினான். "உங்க அத்தைக்குத் தெரிஞ்சா?"

"தெரியாது."

"தெரிஞ்சா?"

"திங்கக்கெழம மாமா எடை ஏறட்டும்ணா. அப்புறம் என்னை இன்னா பண்ணாலும் பண்ணிக்கட்டும்."

சிரஞ்சீவி உமாபதியை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். பார்த்ததும் கண்ணை எடுத்துக்கொண்டான். மறுவீட்டு விருந்தில் மூன்று முறை கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மனுஷரா இது? தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

தேவசேனா சமையலறைப் பக்கமே போகவில்லை. அத்தையின் வேண்டுதலை மதிக்காதவள் இல்லை அவள். தன் சீதனத்தில் வந்து பரணில் கிடந்த குக்கரை இறக்கியிருந்தாள். பலகை, கத்தி, கரண்டி எல்லாம் அம்மா வீட்டிலிருந்து வந்தவை. கிணற்றடியில் ஒற்றை அடுப்பு சிலிண்டரை வைத்தாள். அத்தையின் பாத்திரம் ஒன்றையும் கவுச்சி தொட்டுவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

கறியைக் கழுவிப் பிழிந்து பலகையில் வைத்துக் கொத்த ஆரம்பித்தாள். இரண்டாவது கொத்திலேயே பயம் வந்துவிட்டது. தறி ஓடாத வீட்டில் அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்கும் போலிருந்தது. உமாபதி படுத்ததிலிருந்து இந்த வீட்டுத் தறிகள் நின்றுபோயிருந்தன. எழுந்துபோய் டிவியைப் போட்டாள். மலைக் கோயிலிலிருந்து நேரடி ஒளிபரப்பு. கூட்டம் கூட்டமாக ஜனங்கள் கோவிந்தா போட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு வந்து, அந்தக் கோவிந்தாவின் மறைவிலேயே கறியைக் கொத்தினாள். பாவம் என்று தோன்றியது. கை நிற்கவில்லை.

நன்றாகக் கொத்தி விழுதுக்கு முந்தின பதத்தில் எடுத்தாள். பாதியைத் தூக்கிலேயே ஐஸுக்குள் வைத்து மூடினாள், இரவுக்கு ஆகும் என்று. மீதிக்கு அடுப்பைப் பற்றவைத்தாள்.

எண்ணெயில் சீரகம், பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், தட்டிய இஞ்சி பூண்டு. மிளகாய் இல்லை, மிளகு இல்லை. அந்த வாய்க்கு உப்பே எரியும். வெங்காயம் கண்ணாடி ஆனதும் கறியைப் போட்டாள். வான்கோழியில் கொழுப்புக் கிடையாது. அப்படியே தண்ணீர் ஊற்றினால் உருண்டை உருண்டையாகத் திரண்டுவிடும். உருண்டை தொண்டையில் மாட்டினால் மாமாவுக்கு இருமல் வரும், இருமினால் தையல் வலிக்கும். கரண்டிக் காம்பால் அழுத்தி அழுத்தி உதிர்த்து, சிவப்பெல்லாம் போய் வெளுக்கிற வரை வதக்கினாள். பிறகு கேரட், பீன்ஸ், நூக்கல், பரங்கிக்காய், ஒரு உருளைக்கிழங்கு, தோலுரித்த தக்காளி, மஞ்சள் தூள், ஒரு கைப்பிடி சிறுபருப்பு. தண்ணீர் விட்டு மூடினாள்.

விசில் வந்து ஆவி அடங்கியதும் திறந்து கரண்டியால் மொண்டு பார்த்தாள். வாசனை வந்தது. பதம்தான் வரவில்லை. ரசம்போல ஓடியது. ஓடுகிற எதுவும் உமாபதியின் வாயில் நிற்காது. தாடை எடுத்த பக்கமாக வழிந்து கழுத்துக்குப் போய்விடும். அவருக்கு அதுதான் பெரிய அவமானம். மருமகள் எதிரே வாய் ஒழுகுகிறதே என்று துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்.

கொஞ்சம் அரிசி போட்டுக் குழைத்தால் கெட்டிப்படும். அரிசி டின் சமையலறையில். கறி தொட்ட உடம்போடு, குளிக்காமல் அங்கே போகக் கூடாது. சுற்றிலும் பார்த்தாள். பின்கட்டு வெயிலில், வெள்ளைத் துணி மூடிய தாம்பாளம் ஒன்று இருந்தது. துணியை விலக்கினாள். அரிசி. வண்டு பிடித்த அரிசியை அத்தை இப்படிக் காயவைப்பது வழக்கம்தான்.

கையைக் கழுவிக்கொண்டு ஒரு பிடி அள்ளினாள். அரிசி ஒரே சீராக இல்லையே என்று ஒரு கணம் தோன்றியது. டிவியில் மணி அடித்தது. நேரம் ஆகிறதென்று களைந்து குக்கரில் போட்டு, மறுபடி மூடினாள்.

"மாமா."

உமாபதி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தேவசேனா கிண்ணத்தை அவர் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். தாடையைத்தான் எடுத்தார்கள், மூக்கு பத்திரமாக இருந்தது. மெல்லத் திரும்பினார். கிண்ணத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சீம கோடி?" என்றார். வான்கோழிக்குத் தெலுங்குப் பேர் அது. சந்தையில் கேட்டுக் கேட்டு அவர் வாயில் அதுதான் வரும்.

"ஆமா மாமா."

அவர் முகம் ஒரு தினுசாக மாறியது. ஒரு விரலைத் தூக்கிச் சமையலறைப் பக்கம் காட்டினார். பிறகு சாமி படம் இருக்கிற பக்கம் காட்டினார். பிறகு கேட்டார். "அவளா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கிண்ணம் புறங்கையால் தள்ளப்படும் என்று தேவசேனாவுக்குத் தெரியும். கரண்டியால் சூப்பை ஒரு தரம் கிளறினாள்.

"அத்தைதான் மாமா. உங்களுக்கோசரம்."

உமாபதி வாயைத் திறந்தார்.

முதல் கரண்டி உள்ளே போனது. வழியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நாக்கால் அண்ணத்தில் அழுத்திப் பார்த்து, விழுங்கினார். இரண்டாவது கரண்டிக்கு அவரே எழுந்து உட்கார்ந்தார். நாலாவது கரண்டியில் அழ ஆரம்பித்தார். அழுதுகொண்டே குடித்தார். தேவசேனாவும் அழுதுகொண்டே கொடுத்தாள். கிண்ணம் காலியானதும் தலையை ஆட்டி, இன்னும் என்றார். எத்தனை நாள் கழித்து அந்த வாயிலிருந்து இன்னும் என்ற சொல் வருகிறது! அவள் குக்கரிடம் ஓடினாள்.

இரண்டாவது கிண்ணம் பாதி இறங்கியிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது.

மனோரமா. நெற்றி வேர்வையில் நாமம் கசிந்திருந்தது. கையில் நிறைந்த சொம்பு. வெயில் ஏறிவிட்டதென்று அடுத்த தெருவுக்குப் போகாமல் திரும்பிவிட்டாள் போலிருக்கிறது. தேவசேனாவின் கணக்கில் இது இல்லை.

வாசனை அவளுக்கு வாசலிலேயே தெரிந்திருக்கும். அந்த வீட்டில் எத்தனையோ வருஷம் கறி ஆக்கியவள் அவள்தானே. முகத்தில் ரத்தம் ஏறியது. வாயைத் திறந்தாள்.

அதற்குள் உமாபதி கையை நீட்டிவிட்டார்.

"வா" என்றார். அவள் அசையவில்லை. அவர் கை அப்படியே நீண்டிருந்தது. "எனக்கோசரம்... வேண்டுதல உட்டுட்டியா?"

மனோரமா சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நான் நெனச்சேன்..." நிறுத்தி, எச்சிலை விழுங்கி, துண்டால் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக இழுத்தார். "உனக்கு சாமி போதும்... நான் வாணாம்னு. செத்துடலாம்னுதான்... துன்னாம கெடந்தேன்."

தேவசேனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்ன பொய் அந்த அறையின் நடுவில் கிடந்தது. அத்தை ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மனுஷர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். இனி யார் கூப்பிட்டாலும் இந்தப் பக்கம் திரும்ப மாட்டார்.

மனோரமா கணவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொம்பைக் கீழே வைக்க இடம் தேடுகிறவள்போலச் சுற்றிலும் பார்த்தாள். பிறகு அதை ஜன்னல் மாடத்தில் வைத்தாள்.

"ஆமாங்க" என்றாள். "நான்தான் ஆக்கினேன்."

நூல்காரரிடம்கூடப் பொய் சொல்லாதவள். புரட்டாசிச் சனிக்கிழமை, நெற்றியில் நாமத்தோடு.

மருமகளிடமிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். கரண்டியால் மொண்டாள். மொண்டது அப்படியே பாதியில் நின்றது. சூப்புக்குள் பச்சரிசி கரைந்து போயிருந்தது. புழுங்கலரிசி குழைந்தும் உருத் தெரிய நின்றது. நடுவில் சிவப்பரிசி ஒன்று.

யார் வீட்டில் இப்படி மூன்று ரக அரிசியைக் கலந்து போடுவார்கள்? வீடு வீடாக வாங்கிய அரிசிதான் இப்படி இருக்கும்.

கரண்டி நின்றது ஒரு மூச்சு நேரம்தான். "வாயத் தொறங்க" என்றாள். கிண்ணம் காலியாகிறவரை கொடுத்தாள். துண்டால் வாயைத் துடைத்து, படுக்கவைத்து, போர்வையை இழுத்துவிட்டாள். அவர் அவள் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு எழுந்தாள்.

பின்கட்டுக்குப் போய்த் தாம்பாளத்தின் முன்னால் நின்றாள். தேவசேனா பின்னாலேயே வந்தாள். அரிசியில் ஒரு கை அள்ளிய பள்ளம் தெரிந்தது.

"இத எடுத்தது நீதானே?"

ஒரு வாரம் கழித்து மருமகளிடம் பேசிய முதல் வார்த்தை.

"வண்டு புடிச்ச அரிசி, காய வெச்சிருக்கீங்கன்னு..." தேவசேனாவுக்கு அப்போதும் விளங்கவில்லை. அத்தையின் முகத்தைப் பார்த்தாள், ஜன்னல் மாடத்திலிருந்த சொம்பைப் பார்த்தாள். அப்புறம்தான் விளங்கியது. அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"போன ரெண்டு சனிக்கெழமயும் வாசல் வாசலா நின்னு வாங்கினதுடி" என்றாள் மனோரமா. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "தளிகைக்கு வெச்சது. கடையில வாங்கியிருக்க மாட்டனா? அவரு உயிருக்காகக் கையேந்தணும்னுதான் போனேன். அதுல ஒரு பிடி அள்ளிக் கறியில போட்டுட்ட."

"அத்தை, என்னை அடிங்க."

"உன் குக்கரு, உன் கத்தி, உன் பலகை. எல்லாம் பாத்துப் பாத்து செஞ்சவ, அரிசிய மட்டும் பாக்கலியே தேவா."

திட்டியிருந்தால் தேவசேனா தாங்கியிருப்பாள். தேவா என்று கூப்பிட்டதைத்தான் தாங்க முடியவில்லை. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மனோரமா தாம்பாளத்தைத் துணியால் மூடினாள். அதை எடுத்துக்கொண்டு உள்ளே போகவும் இல்லை, கொட்டவும் இல்லை. அங்கேயே விட்டுவிட்டு, சாமி படத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள். மதியம் அவள் சாப்பிடவில்லை. விளக்கும் ஏற்றவில்லை.

தனசேகர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அப்பா உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"நைனா! எழுந்துக்கினீங்களா?"

உமாபதி வயிற்றைத் தொட்டுக் காட்டினார். அந்தக் கோணல் முகத்தில் வந்தது சிரிப்புதான். தனசேகர் பதிலுக்குச் சிரித்தான். சிரித்துக்கொண்டே பின்கட்டுக்கு வந்தவன், மனைவியைப் பார்த்ததும் சிரிப்பைக் கழற்றி வைத்தான்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துது" என்றான் மெல்ல. "ஆபரேஷன்ல எடுத்ததை டெஸ்டுக்கு அனுப்பியிருந்தாங்க இல்ல, அது வந்துடிச்சாம்."

"இன்னாவாம்?"

"போன்ல சொல்ல மாட்டோம்னுட்டாங்க. திங்கக்கெழம அம்மாவையும் கூட்டினு வரணுமாம். 'பெத்தாவிடதோ மாட்லாடாலண்டி'ன்னாங்க. அம்மாகிட்டதான் பேசணுமாம்." செல்போனைக் கையில் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். "நல்ல சேதின்னா எங்கிட்டயே சொல்லியிருப்பாங்க இல்ல?"

உள்ளேயிருந்து உமாபதியின் குரல் கேட்டது. மனோரமாவிடம் எதையோ கேட்டார். இரவுக்கும் அதே சூப்பு இருக்கிறதா என்று கேட்கிறார்.

"நான் சொல்ல மாட்டேன் தேவா" என்றான் தனசேகர். "நீயே சொல்லு அம்மாகிட்ட."

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். மனதுக்குள் வார்த்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டே போனாள். அத்தை, திங்கக்கெழம நீங்களும் வரணுமாம். சும்மாதானாம். பயப்பட ஒண்ணும் இல்லியாம்.

சமையலறை வாசலில் கால் நின்றுவிட்டது.

மனோரமா அடுப்பு மேடையின் முன்னால் நின்றிருந்தாள். அடுப்பில் இருந்தது தேவசேனாவின் குக்கர் இல்லை. மனோரமாவின் சொந்தப் பாத்திரம். பக்கத்தில் சிரஞ்சீவி கொண்டுவந்த தூக்கு, திறந்திருந்தது. மீதிக் கறி முழுவதும் பாத்திரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. காய் எல்லாம் அவளே அரிந்து போட்டிருந்தாள். மஞ்சள் சேலையை மாற்றவில்லை. நாமம் அழியவில்லை.

"அத்தை... உங்க பாத்திரத்துல..."

மனோரமா திரும்பவில்லை. கரண்டியால் மொண்டு, பதம் பார்த்தாள். "தண்ணியா ஓடுது" என்றாள். ஜன்னல் மாடத்திலிருந்து எடுத்துவந்து வைத்திருந்த பித்தளைச் சொம்புக்குள், காலையில் வாங்கிய அரிசிக்குள், கையை விட்டாள்.

"வாணாம் அத்தை! வூட்டு அரிசி டின்ல கீது!"

"தெரியும்."

"தளிகைக்கு?"

"மறுபடி போய் நிக்கறேன். கையேந்தறது எனக்குப் புதுசா?"

ஒரு பிடி அள்ளினாள்.

"நான்தான் ஆக்கினேன்னு அவருகிட்ட சொல்லிட்டேன்" என்றாள் மனோரமா. "விரதத்துல பொய் சொல்லக் கூடாது."

அரிசியைப் பாத்திரத்தில் போட்டாள். போடும்போது, வாசலுக்கு வாசல் சொல்லிப் பழகிய வாய், கோவிந்தா என்றது.

அப்புறம் மருமகள் பக்கம் திரும்பினாள். அழுது வீங்கிய கண்ணில் கொஞ்சம் வெளிச்சம்கூட இருந்தது. "ரெண்டு கிண்ணம் துன்னுட்டாரு இல்ல? ராத்திரிக்கு இன்னும் ரெண்டு, நாளைக்கு முச்சூடும் குடுப்போம். திங்கக்கெழம எடை ஏறிடும். கரண்டு வெச்சிடுவாங்க. இல்லியாடி?"

தேவசேனா சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

"ஏறிடும் அத்தை" என்று சொல்லி, கரண்டியை வாங்கிக் கிளற ஆரம்பித்தாள்.